வண்டியோடு வரும் கழிப்பறை

ஸ்காட்லாந்தின் வட எல்லையைக் கடலோரமாகவே சுற்றிவரும் ‘நார்த் கோஸ்ட் 500’ என்னும் பாதை, இன்வெர்னஸ் நகரத்தில் புறப்பட்டு அந்நகரத்திலேயே வந்து முடிவதற்குள் 516 மைல், கிலோமீட்டர் கணக்கில் ஏறத்தாழ 830, ஆகிவிடுகிறது. 2015-ஆம் ஆண்டில் அப்பெயர் சூட்டப்பெற்று உல்லாசப் பிரயாணிகளின் காதில் விழுந்த நாள்முதலாக, பல இடங்களில் ஒரே வண்டி போகத்தக்க அகலமேயுள்ள அந்தச் சாலைகளில், கோடைக்காலந்தோறும் கேம்பர்வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து செல்லலாயின. கட்டில், அடுப்பு, அலமாரி, தண்ணீர்த் தொட்டி ஆகிய குடித்தனச் சாமான்கள் அனைத்தையும் ஒரு வேனுக்குள் அடக்கிக்கொள்ளும் ஏற்பாடு புதியதன்று. ஜெர்மனியில் வெஸ்ட்ஃபாலியா என்ற நிறுவனம், ஃபோக்ஸ்வேகன் வேனுக்குள் வைத்துக்கொள்ளத்தக்க முகாம் பெட்டி ஒன்றை 1951-லேயே விற்கத் தொடங்கிவிட்டது. ஆனால் படுக்கையையும் அடுப்பையும் போல அவ்வளவு சுலபமாகக் கழிப்பறையை வண்டிக்குள் கொண்டுவந்துவிட முடியவில்லை. ஏனெனில் படுக்கை சுருட்டி வைத்த இடத்தில் கிடக்கும், அடுப்பு அணைத்தால் அடங்கிவிடும், கழிப்பறையின் உள்ளே இருப்பதோ ஒரு நிமிஷமும் சும்மா இருப்பதில்லை.

வீட்டுக் கழிப்பறையின் பெருமையெல்லாம் கழிவை நம் கண்ணுக்கு அப்பால் கொண்டுபோய்விடுவதில் இருக்கிறது. வேனிலுள்ளது எதையும் எங்கும் கொண்டுபோவதில்லை. மலஜலத்தை இரண்டு மூன்று நாட்கள் நம்மோடேயே, நாம் உண்டு உறங்கும் இடத்துக்குக் கையெட்டும் தூரத்தில், நாற்றமின்றித் தேக்கி வைத்திருந்து, உரிய இடம் வந்ததும் ஒப்படைப்பது ஒன்றே அதன் தொழில். அந்தக் காத்திருப்புக் காலத்தில் தொட்டிக்குள் நடப்பது என்ன என்று தெரிந்துகொண்டவனுக்கு, அதைப் பராமரிக்கும் விதிகளில் எதையும் மனப்பாடம் செய்யவேண்டிய அவசியம் இராது.

தேக்கி வைப்பதென்ற யோசனை நூற்றாண்டுக்கு மேல் பழையது. இங்கிலாந்தில் டார்செட் பகுதியிலுள்ள ஃபார்டிங்டனில் பாதிரியாராக இருந்த ஹென்றி மூல், உலர்ந்த மண்ணைத் தூவி மூடினால் மலத்தின் நாற்றம் அடங்குவதைக் கண்டு, மண் கழிப்பிடம் ஒன்றுக்கு 1860-இல் காப்புரிமை பெற்றார். மண்ணில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் அந்த வேலையில் பெரும் பங்குண்டு என்பது அக்காலத்தில் தெளிவாகத் தெரிந்திராத விஷயம். எஃப்ரெயிம் லூயிஸ் ஜாக்சன் என்பவர் 1924-இல் எல்சன் என்ற பெயரால் விற்க முற்பட்ட ரசாயனக் கழிப்பிடமோ இதற்கு நேர்மாறான சித்தாந்தமுடையது: நுண்ணுயிர்களைக் கொன்றுவிட்டால் நாற்றம் தானே நின்றுவிடும் என்பது அதன் கொள்கை. இரண்டாம் உலக யுத்தத்தில் லங்காஸ்டர் முதலான பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்களின் வால்புறத்தில் இந்த எல்சன் வாளிதான் வைக்கப்பட்டிருந்தது. உறையும் குளிரில், கனத்த உடைகளோடு, குலுங்கும் விமானத்தில் அதன்மேல் உட்கார நேர்ந்த வீரர்கள் அதைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னதாகத் தெரியவில்லை. பின்னர் அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தைச் சேர்ந்த தெட்ஃபோர்ட் நிறுவனம் 1968-இல் ‘போர்ட்டா பாட்டி’ என்ற பெட்டியை வெளியிட்டது. இன்று வேன்களில் காணப்படும் கையடக்கக் கழிப்பறைகள் பெரும்பாலும் அந்த வம்சத்தைச் சேர்ந்தவை. ஆனால் நுண்ணுயிரைக் கொல்வதா, அதைக் கொண்டே வேலை வாங்குவதா என்ற வழக்கு மட்டும் இன்னும் முடிந்தபாடில்லை.

பெட்டியைத் திறந்து பார்த்தால் அதன் அமைப்பு எளிமையானது. ஒன்றின்மேல் ஒன்றாக உட்காரும் இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகள். பக்கத்திலுள்ள கொக்கியை விடுவித்தால் இரண்டும் தனித்தனியே பிரியும். பரவலாக விற்கும் பெரிய வகையொன்றில், இருக்கையும் கிண்ணமும் அமைந்த மேல் தொட்டி 15 லிட்டர் கழுவும் நீரையும், கீழ்த் தொட்டி 21 லிட்டர் கழிவையும் கொள்ளும். இரண்டுக்கும் நடுவே, முன்புறம் ஒரு கைப்பிடியைப் பிடித்து இழுத்தால் கிடையாகச் சறுக்கித் திறக்கும் தகடு ஒன்று இருக்கிறது. அந்தத் தகட்டை மேலிருந்து இறுகத் தழுவிக்கொண்டிருக்கும் ரப்பர் வளையத்தைச் சீல் என்பார்கள். விரலால் தடவிப் பார்த்தால் ஒரு மெல்லிய உதடு போன்ற ஓரம் தட்டுப்படும்; உபயோகிக்கும் போதெல்லாம் தகடு அந்த ஓரத்தின் மேல் உராய்ந்தே போய் வருகிறது. வேனுக்குள் குடியிருக்க முடிகிறதா இல்லையா என்பது, சில ரூபாய்க்கோ சில பவுனுக்கோ கிடைக்கும் இந்த ரப்பர் வளையத்தைப் பொறுத்தது என்று சொன்னால் மிகையாகாது.

இனி, தொட்டி எத்தனை நாள் தாங்கும் என்ற கணக்கு. வளர்ந்த மனிதர் ஒருவர் ஒருநாளில் கழிக்கும் சிறுநீர் ஒன்றரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு; மலம் நூறு முதல் இருநூறு கிராம் வரை. தடவைக்கு கால் லிட்டர் வீதம் ஆறு தடவை கழுவும் நீரைச் சேர்த்தால் ஆளுக்கு மூன்று லிட்டர், இருவருக்கு ஆறு லிட்டர். ஆகவே 21 லிட்டர் தொட்டி மூன்றரை நாளைக்குப் போதும். விளிம்பு வரை நிரப்பி வளைவுப் பாதைகளில் ஓட்டுவது அவிவேகம் ஆகையால், அதையும் மூன்று நாள் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். காகிதத்தை விட்டு நீரால் சுத்தம் செய்துகொள்ளும் நம்மவர் வழக்கத்தைக் கைவிடாதவர்களுக்கு இந்தக் கணக்கும் செல்லாது. தடவைக்கு அரை லிட்டர் கூடினாலே ஆளுக்கு ஆறு லிட்டராகிவிடும், இருவருக்கு அந்தத் தொட்டி ஒன்றேமுக்கால் நாளில் நிறைந்துவிடும். நிறைந்த தொட்டியின் எடை இருபது கிலோவுக்கு மேல். அதைத் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டியவர் யார் என்பதைப் புறப்படும் முன்பே தீர்மானித்துக்கொள்வது குடும்ப ஒற்றுமைக்கு நல்லது.

நாற்றத்தின் கதை சிறுநீரிலிருந்து தொடங்குகிறது. ஒருநாளைய சிறுநீரில் கரைந்திருக்கும் யூரியா சாதாரணமாக 20 முதல் 30 கிராம் வரை இருக்கும். அந்த யூரியாவுக்கு வாசனை என்பதே கிடையாது. ஆனால் மலத்திலும் தொட்டியின் சுவரிலும் வாழும் பாக்டீரியாக்களில் பல, யூரியேஸ் என்ற நொதியைச் சுரந்து, ஒவ்வொரு யூரியா மூலக்கூறையும் நீரின் துணையோடு பிளந்து, இரண்டு அம்மோனியாவும் ஒரு கரியமில வாயுவுமாக ஆக்கிவிடுகின்றன. அம்மோனியா சேரச் சேரத் திரவம் காரத்தன்மை அடைகிறது. 6-ஐ ஒட்டியிருந்த அதன் பி.எச். எண் 9-ஐ நோக்கி ஏறுகிறது. குறைந்த எண்ணில் அம்மோனியா, மின்னேற்றம் பெற்ற அம்மோனியமாக நீரோடு கட்டுண்டு கிடக்கும். 9-ஐத் தாண்டும்போது அதில் ஏறக்குறைய பாதி, வாயுவாகப் பறக்கத் தயாராகிவிடும். முதல் நாள் சாதுவாக இருந்த தொட்டி மூன்றாம் நாள் கண்ணைக் கரிக்கச் செய்வதன் ரகசியம் இதுவே.

இரண்டாவது துர்நாற்றம் வேறு வழியாக வருகிறது. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் கரைந்திருக்கக்கூடிய பிராணவாயு சுமார் 9 மில்லிகிராம்தான். இத்தனை உணவு கிடைத்த பாக்டீரியாக் கூட்டம் அதைச் சொற்ப நேரத்தில் தீர்த்துவிடுகிறது. பிராணவாயு தீர்ந்தபின், சுவாசத்துக்கு அடுத்தபடியாக அவற்றுக்கு உகந்தது நைட்ரேட். அதுவும் இல்லையேல், சிறுநீரில் இயல்பாகவே உள்ள சல்பேட்டைக் கொண்டு சுவாசிக்கும் ஓர் இனம் தலையெடுக்கிறது. அந்த இனம் வெளியிடுவது ஹைட்ரஜன் சல்பைடு, அதாவது அழுகிய முட்டையின் நாற்றமுடைய வாயு. நூறு கோடிப் பங்கு காற்றில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு அதைக் கண்டுகொள்ளும்.

வினிகரை ஊற்றினால் நாற்றம் போய்விடும் என்று பிரயாணிகள் சிலர் ஒருவருக்கொருவர் உபதேசம் செய்துகொள்வதுண்டு. அதில் பாதி உண்மை. அமிலம் சேர்ந்தால் அம்மோனியா கட்டுப்படும் என்பது மெய்யே. ஆனால் ஹைட்ரஜன் சல்பைடின் சுபாவம் அதற்கு எதிரானது. காரக் கரைசலில் அது மின்னேற்றத்தோடு நீரில் அடங்கிக் கிடக்கும், பி.எச். 7-க்குக் கீழே இறங்கினால் பெரும்பகுதி வாயுவாகி வெளியேறும். ஒன்றை அமிழ்த்தினால் மற்றொன்று எழுந்துவிடும். ஆதலால் உற்பத்தியான வாயுவைச் சிறைப்படுத்துவதைவிட, உற்பத்தியையே தடுப்பதுதான் விவேகம்.

அதற்கு இரண்டு மார்க்கங்கள் உண்டு. முதலாவது, எல்சன் காலத்திலிருந்து வரும் பழைய வழி. நீலநிறத் திரவங்களில் நெடுங்காலமாகச் சேர்க்கப்பட்டு வந்த ஃபார்மால்டிஹைடு, உயிரணுவிலுள்ள புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து அசையவொட்டாமல் செய்துவிடும். கல்லூரிக் காட்சிசாலைகளில் கண்ணாடிப் புட்டிக்குள் தவளையையும் பாம்பையும் பல்லாண்டு அழுகாமல் வைத்திருக்கும் ஃபார்மலின் இதன் கரைசலே. புரதம் செயலற்றால் பாக்டீரியாவும் மடியும், யூரியேஸும் மடியும்; நாற்றத்தின் இரண்டு ஊற்றுகளும் ஒருங்கே அடைபடும். வேனில் உள்ளவனுக்கு இதைவிட நிச்சயமான மருந்து இல்லை. ஆனால் தொட்டியைக் கவிழ்த்த பின்பும் அந்த விஷம் தன் வேலையை நிறுத்துவதில்லை. ஸ்காட்லாந்தின் வடபகுதியில் பல சிற்றூர்களும் முகாம்களும் செப்டிக் தொட்டிகளையோ மிகச் சிறிய சுத்திகரிப்பு நிலையங்களையோ நம்பியிருக்கின்றன. அங்கே கழிவைத் தின்று தெளியவைப்பது பாக்டீரியாக்கள்தாம். வரிசையாக வந்து நிற்கும் வேன்கள் ஒவ்வொன்றும் ஃபார்மால்டிஹைடு கலந்த இருபது லிட்டரை ஊற்றிவிட்டுப் போனால், ஊரின் செலவில் வளர்ந்த அந்த ஜீவராசி அங்கேயே அழியும். போதாக்குறைக்கு, ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004-இல் தீர்மானித்தது. நம் கழிவைப் பத்திரப்படுத்துவதற்காக அதன் ஆவியைச் சிறிய வேனுக்குள் நாம் சுவாசிப்பது எந்த விதத்திலும் நியாயமாகப்படவில்லை.

இரண்டாவது மார்க்கம், மேலே சொன்ன சுவாச வரிசையை அறிந்து அதைப் பயன்படுத்திக்கொள்வது. பச்சைநிறத் திரவங்களில் பலவற்றில் நைட்ரேட் உப்பும், மலத்தையும் காகிதத்தையும் கரைக்க உதவும் நொதிகளும் இருக்கின்றன. நைட்ரேட் கையிலிருக்கும் வரையில் பாக்டீரியாக்கள் சல்பேட்டின் பக்கம் திரும்புவதில்லை; நைட்ரேட்டைச் சுவாசித்து அவை வெளியிடுவது நைட்ரஜன், அதாவது நாம் மூச்சுவிடும் காற்றில் நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பங்காக இருக்கும் அதே வாசனையற்ற வாயு. கழிவுநீர்க் குழாய்களில் நாற்றத்தை அடக்க நகரங்கள் கால்சியம் நைட்ரேட்டைச் சேர்ப்பதும் இந்த நியாயத்தைக் கொண்டுதான். செப்டிக் தொட்டிக்கும் இதனால் தீங்கில்லை. எனினும் இதற்கு ஒரு தவணை உண்டு. நைட்ரேட் தீர்ந்த மறுகணமே பழைய கதை தொடங்கிவிடும். வெப்பம் பத்து டிகிரி கூடும்போதெல்லாம் பாக்டீரியாக்களின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் ஆதலால், 15 டிகிரியில் நான்கு நாள் பொறுத்துக்கொள்ளும் தொட்டியை, 30 டிகிரியைத் தாண்டும் ஸ்பெயின் நாட்டு வெயிலில் இரண்டு நாளைக்குள் காலி செய்வதுதான் உசிதம். என் கட்சி இந்த இரண்டாவது மார்க்கமே. காலி செய்வதைத் தள்ளிப்போடும் சுபாவமுள்ளவர்களுக்கு மட்டும் இதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

சிறுநீரையும் மலத்தையும் ஆரம்பத்திலேயே இரு பாத்திரங்களில் பிரித்துவிடும் உலர் கழிப்பறைகளும் இப்போது வேன்களில் காணப்படுகின்றன. யூரியாவும், யூரியேஸை மிகுதியாகக் கொண்டுவரும் மலமும் சந்திக்காவிட்டால் அம்மோனியா பிறப்பது வெகுவாகத் தாமதிக்கும் என்பதால் தத்துவம் சரியானதே. ஆனால் அதற்கு உரம் தயாரிக்கும் கழிப்பறை என்று பெயர் வைப்பது அதிகப்படி. ஓரிரு வாரப் பிரயாணத்தில் எதுவும் உரமாகிவிடாது, நோய்க்கிருமிகள் மடிவதற்குப் பல மாதங்களாவது, நீடித்த உயர்ந்த வெப்பமாவது வேண்டும்.

ரசாயனத்தோடு பௌதிகமும் இந்தப் பெட்டிக்குள் வேலை செய்கிறது. நார்த் கோஸ்ட் 500 பாதையில் கிஷோர்னுக்கும் ஆப்பிள்கிராஸுக்கும் இடையே, கடல் மட்டத்தை ஒட்டிய இடத்திலிருந்து 626 மீட்டர் உயரத்துக்குக் கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் பியாலக் நா பா என்ற கணவாய் இருக்கிறது. அந்த உயரத்தில் வாயுமண்டல அழுத்தம் சுமார் 7 சதவீதம் குறைந்துவிடும். கீழே தகட்டை இறுக மூடிவிட்டு மேலே ஏறினால், தொட்டிக்குள் அடைபட்ட காற்று கடல் மட்டத்து அழுத்தத்தோடேயே வந்து சேரும். பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள தகட்டின் மேல் அந்த வித்தியாசம் ஐந்து கிலோவுக்கு மேற்பட்ட விசையாக மேல்நோக்கி அழுத்தும். பாக்டீரியாக்கள் உண்டாக்கிய வாயு இதில் சேராதது. மலையுச்சியில் வண்டியை நிறுத்தி, இயற்கைக் காட்சியில் மயங்கிய மனத்தோடு இருக்கையில் அமர்ந்து தகட்டைச் சடாரென்று இழுப்பவருக்கு என்ன நேரும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. மூடியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு தகட்டை ஒரு நூலளவு நகர்த்தி, காற்று வெளியேறும் ஓசை நின்றபின் முழுவதும் திறப்பதே முறை. தானே அழுத்தத்தை விடுவிக்கும் வால்வுள்ள வகைகளும் உண்டு என்றாலும், வால்வை நம்புவதைவிட இந்தப் பழக்கத்தை நம்புவது மேல்.

காலி செய்வதற்கென்று பிரிட்டனில் முகாம்களிலும் சில துறைமுகங்களிலும் ரசாயனக் கழிவு வாங்கும் இடங்கள் உண்டு. பழைய வியாபாரப் பெயரைக் கொண்டே அவற்றை எல்சன் பாயின்ட் என்பார்கள். தொட்டியின் பக்கவாட்டிலுள்ள குழாய்மூக்கை வெளியே திருப்பி, மூடியைக் கழற்றிச் சட்டைப்பையிலோ வேறு பத்திரமான இடத்திலோ வைத்துக்கொள்ள வேண்டும்; தொட்டியின் விளிம்பில் வைத்த மூடி குழிக்குள் விழுவது உலகெங்கும் நடக்கும் சம்பவம். குடத்தைச் சட்டென்று கவிழ்த்தால் களக் களக் என்று விக்கி விக்கி நீர் சிதறுவது போல இங்கும் நேராமலிருக்க, சாய்க்கும்போது கட்டைவிரலால் அழுத்துவதற்கு ஒரு காற்றுப் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் வெளியேறும் திரவத்தின் இடத்தில் காற்று புகுந்து, ஒழுக்கு சீராகும். ஆனால் குழாய்மூக்கு கீழ்நோக்கித் திரும்பிய பின்பே அழுத்த வேண்டும், இல்லையேல் பொத்தான் வழியே கை நனையும். அலசுவதற்கு அங்கே தனிக் குழாய் இருக்கும். குடிநீர்க் குழாயை இந்த மூக்குக்கருகே கொண்டுவருவது மன்னிக்க முடியாத குற்றம். இரண்டு முறை அலசியபின், ஓரிரண்டு லிட்டர் நீரும் அளவான திரவமும் குழாய்மூக்கு வழியாகவே ஊற்றப்படவேண்டும். கிண்ணத்தின் வழியாக ஊற்றினால் செறிவான திரவம் சீலின்மேல் தங்கி அதைக் கெடுக்கும்.

இந்த இடங்களை விட்டு ஓடையிலும் சாலையோரப் புல்லிலும் கவிழ்த்துவிட்டுப் போகிறார்கள் என்பது வடகோடிக் கிராமத்தாரின் நெடுநாளைய மனக்குறை. அடுத்தவர் நிலத்திலும் நடந்து செல்ல, கூடாரமிட்டுத் தங்க 2003-ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டம் பொதுமக்களுக்கு உரிமை தந்திருப்பதைச் சொல்லி வேன்காரர்கள் வாதாடுவதுண்டு. அந்தச் சட்டத்தின் உரிமை மோட்டார் வாகனத்துக்குப் பொருந்தாது என்பது ஒருபுறமிருக்க, கூடாரத்துக்கே ஆனாலும் அது கழிவை விட்டுச் செல்லும் உரிமையன்று.

காகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கழிப்பறைக் காகிதத்தின் இழைகள் குட்டையானவை. அவற்றைச் சேர்த்து வைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் நீர் பட்டதும் தளர்ந்துவிடும். முகம் துடைக்கும் தாளில் ஈரத்திலும் கிழியாதிருக்கப் பிசின் சேர்க்கிறார்கள். வெட் வைப்ஸ் என்பவற்றில் பலவற்றுக்குப் பிளாஸ்டிக் இழையே ஆதாரம். இவை தகட்டின் ஓரத்தில் சிக்கினால் சீல் மூடாது. சீலுக்குச் சிலிக்கோன் எண்ணெய் தடவுவது போதும். கைக்குக் கிடைத்த பெட்ரோலிய எண்ணெய்களைத் தடவினால் ரப்பர் உப்பி உருவம் கெடும். தொட்டியின் உட்சுவரில் மஞ்சளும் வெண்மையுமாகப் படியும் செதில், காரத்தன்மை ஏறியபோது சிறுநீரிலிருந்து பிரிந்த கால்சியம், மக்னீசியம் பாஸ்பேட்டுகள். காரத்தால் பிறந்த அதை அமிலம்தான் கரைக்கும், எலுமிச்சை உப்பு என்று கடையில் கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்துச் சில மணிநேரம் ஊறவைத்தால் போதும். பிளீச்சிங் திரவத்தை மட்டும் இதற்குள் விடலாகாது: அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமின், அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின், இரண்டும் மூடிய வேனுக்குள் மூச்சை அடைக்கும் விஷவாயுக்கள்.

குளிர்காலத்துக்கு வண்டியை ஒதுக்கி வைக்கும்போது, உறையும் நீர் தன் கனபரிமாணத்தில் சுமார் 9 சதவீதம் பெருகும் என்பதை மறக்கக்கூடாது. மேல் தொட்டியைக் கவிழ்த்தால் மட்டும் போதாது; பம்ப்பின் குறுகிய குழாயில் தங்கும் இரண்டு மூன்று கரண்டி நீரே அதைப் பிளந்துவிட வல்லது. ஆதலால் காற்று மட்டும் வரும்வரையில் பம்ப்பை அழுத்தி வெறுமையாக்கவேண்டும். குளிரிலும் உபயோகிக்க நினைப்பவர்கள் கழுவும் நீரில் புரோப்பிலீன் கிளைக்கால் சேர்க்கலாம். கார் ரேடியேட்டருக்கு விற்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம், அது ஆகாது. இரு தொட்டிகளும் காய்ந்தபின் சீலுக்கு எண்ணெயிட்டு, தகட்டைத் திறந்தபடியே விட்டு வைக்கவேண்டும். மூடிவைத்தால் பல மாத அழுத்தத்தில் ரப்பர் ஓரம் நசுங்கித் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும், வசந்தத்தில் முதல்முறை இழுக்கும்போதே கிழியும்.